பதினெட்டுக்கு ஒன்று குறைவு

இரும்பு பீரோவைத் திறந்த தலைவர், உள்ளேயிருந்த ஏழாம் எண் சீட்டுத் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி வந்து மேசைமேல் வைத்தார். பச்சைக் குழந்தையைக்கூட அப்படி யாரும் தூக்கியிருக்க மாட்டார்கள்.

"தொடலாம். ஆனா அழுத்தித் தொடக்கூடாது" என்றார்.

"அழுத்தினா என்ன சார் ஆகும்? இஸ்பேட் ராணிக்கு வலிக்குமா?" என்றாள் மச்சினி.

சர்வேயர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவார். முப்பத்தோரு வருடம் காப்பீட்டுக் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் நசுங்கிய கார்களையும் சோதித்து அறிக்கை எழுதியவர். ஓய்வு பெற்ற பிறகும், தெரிந்தவர்கள் யார்மேலாவது பழி விழுந்தால் அவரைத்தான் தேடி வருவார்கள். கூடவே மச்சினியும் வருவாள். இறந்துபோன மனைவியின் தங்கை. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். பக்கத்தில் உட்கார்ந்து பிறர் செய்யும் தவறை முன்கூட்டியே பார்ப்பதும், பார்த்ததை உடனே வாய்விட்டுச் சொல்வதும் தொழிலிலேயே பழகிப்போனவள்.

இந்த வழக்கில் அவளும் பாதிக் குற்றவாளி. பழி விழுந்தது நூலகர் அம்மாள்மேல். பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் அவருடைய ஜோடி மச்சினிதான். எட்டு மாதம் முன்புவரை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் சர்வேயரின் மனைவி.

"இன்னொரு தடவை சொல்லுங்க சார். மெதுவா" என்றார் சர்வேயர். "எனக்குச் சீட்டு தெரியாது."

தலைவருக்கு முகம் மலர்ந்தது. பதிவு அலுவலகத்தில் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சொன்னதையே மறுபடி சொல்லச் சொன்னால் அவருக்குச் சந்தனம் பூசியதுபோல் இருக்கும்.

நாலு பேர், இரண்டு ஜோடி, ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. விழும் நாலு சீட்டில் பெரியதைப் போட்டவருக்கு ஒரு பிடி. ஆடுவதற்கு முன்னால், எத்தனை பிடி எடுப்போம் என்று ஏலம். ஏலத்தில் முதலில் வாயைத் திறக்கிறவர் சொல்வதுதான் ஓப்பனிங். சீட்டு மட்டமாக இருந்தால் 'பாஸ்' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். ஆடி முடித்ததும் அவரவர் சீட்டை அவரவர் திசைக்குரிய பையில் திரும்பச் செருகி, தட்டை அடுத்த மேசைக்கு அனுப்புவார்கள். அங்கேயும் அதே சீட்டு, அதே ஆட்டம். மூன்று மேசையும் ஒரே சீட்டை ஆடுவதால் அதிர்ஷ்டத்துக்கு வேலை இல்லை. அதிர்ஷ்டத்தை ஒழித்த பிறகு மனிதர்கள் சண்டை போட வேறு ஏதாவது வேண்டுமே, அதற்குத்தான் விதிப் புத்தகம். பன்னிரண்டு உறுப்பினர்கள் உள்ள கிளப்புக்கு நாற்பத்திரண்டு பக்கம். எழுதியவர் தலைவர்.

"விதி நாலு. ஆஸுக்கு நாலு புள்ளி, ராஜாவுக்கு மூணு, ராணிக்கு ரெண்டு, ஜாக்கிக்கு ஒண்ணு. கையில எந்த ரெண்டு ஜாதிச் சீட்டு அதிகமோ, அந்த எண்ணிக்கையையும் இதோட கூட்டணும். பதினெட்டு வந்தா ஓப்பன் பண்ணலாம். பதினேழுன்னா வாயை மூடிக்கணும். இப்ப நீங்களே எண்ணுங்க."

சர்வேயர் வடக்குப் பையிலிருந்த சீட்டுகளை எடுத்து விரித்தார். இஸ்பேட் ஐந்து, அதில் ஆஸும் ராணியும். ஆட்டின் இரண்டு, அதில் ராஜா. டைமன் மூன்று, எல்லாம் சில்லறை. கிளாவரில் பத்து, ஆறு, மூன்று.

"புள்ளி ஒன்பது. அஞ்சும் மூணும் எட்டு. பதினேழு."

"பதினேழு!" என்றார் தலைவர், தீர்ப்பு வாசிப்பதுபோல். "இதை வச்சுக்கிட்டு சனிக்கிழமை அந்தம்மா 'ஒரு இஸ்பேட்'னு ஓப்பன் பண்ணி, நாலு இஸ்பேட் வரைக்கும் போய், பத்துப் பிடி எடுத்து, கோப்பையையும் எடுத்துட்டாங்க. நாங்க ரெண்டாவது. நாங்கன்னா நானும் சம்பந்தியும். புகார் கொடுத்தது சம்பந்தி. இதுல எனக்குத் தனிப்பட்ட முறையில எந்த சம்பந்தமும் கிடையாது."

"சம்பந்திக்கு மட்டும்தான் சம்பந்தம்" என்றாள் மச்சினி.

"இன்னிக்கு அஞ்சு மணிக்குக் கமிட்டி. குத்தம் உறுதியானா ஒரு வருஷம் விலக்கல். கோப்பை அடுத்த ஜோடிக்கு."

"எனக்குப் பத்துப் புள்ளி இருந்துச்சு, கிளாவர்ல ஜாக்கி இருந்துச்சுன்னு அந்தம்மா சொல்றாங்களே?"

"இருந்தா எங்கே போச்சு? சிறகு முளைச்சுதா? ஜாக்கி மேற்குக் கையில இருக்கு. கிளாவர் மூணுதான் அவங்க கையில இருக்கு. தட்டு பேசுது சார்."

"நானே சாட்சி சொல்றேனே" என்றாள் மச்சினி. "எதிர்லதானே உட்கார்ந்திருந்தேன். லைப்ரரி அக்கா அந்த ஜாக்கியை இறக்கினதை என் கண்ணால பார்த்தேன்."

"விதி பதினொண்ணு. ஜோடி சாட்சி செல்லாது."

"எதிர் ஜோடி?"

"கேட்டாச்சு. ரெண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை."

அது உண்மைதான். தாங்கள் ஜெயித்த கையை இருபது வருடம் கழித்தும் சீட்டு சீட்டாகச் சொல்வார்கள் பிரிட்ஜ்காரர்கள். தோற்ற கை அன்று மாலையே மறந்துவிடும்.

சர்வேயர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒவ்வொரு விதியின் கீழும் அது சேர்க்கப்பட்ட தேதி பொடி எழுத்தில் இருந்தது. மச்சினி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் காதில் கிசுகிசுத்தாள்: "இந்தத் தேதியெல்லாம் என்னன்னு தெரியுதா அத்தான்? தலைவர் தோத்த தேதி. ஒரு தோல்விக்கு ஒரு விதி. இன்னும் ரெண்டு வருஷம் போனா அகராதி கனத்துக்கு வந்துடும்."

நாலாம் விதியின் கடைசிப் பிரிவில் சர்வேயரின் விரல் நின்றது.

"இந்த நாலு-இ? 'அனுபவம் வாய்ந்த ஆட்டக்காரர் தம் கையின் உள்ளார்ந்த தகுதியைக் கருதி ஒரு புள்ளி கூட்டிக்கொள்ளலாம்.' அனுபவம் வாய்ந்தவர்னா யாரு?"

"பட்டியல் இருக்கு."

"எத்தனை பேர்?"

"ரெண்டு" என்றார் தலைவர், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

யார் அந்த இருவர் என்று சர்வேயர் கேட்கவில்லை. தட்டின் அடியில் மடித்துச் செருகியிருந்த ஒரு காகிதத்தை உருவினார்.

"அது வெறும் மதிப்பெண் சீட்டு. அதுல ஒண்ணும் இல்ல" என்றார் தலைவர். "தட்டோடயே சுத்தும். ஒவ்வொரு மேசையிலயும் வடக்குல இருக்கறவர் அவங்க கணக்கை ஒரு வரியில எழுதுவார். அவ்வளவுதான்."

மூன்று வரி. முதல் வரி நூலகர் அம்மாள் எழுதியது, மூன்றாவது தலைவர். இரண்டு வரியிலும் பாதிக் கட்டங்கள் காலி. நடுவில் இருந்த இரண்டாவது வரியில் மட்டும் ஒரு கட்டம் விடாமல், அச்சடித்ததுபோல் எழுதியிருந்தது.

"இது யாரு?"

"கப்பல் கேப்டன். ரெண்டாம் மேசை வடக்கு. ஞாயித்துக்கிழமையே மகன் வீட்டுக்கு விமானம் ஏறிட்டார்."

சர்வேயர் அந்த வரியைப் படித்தார். மச்சினியும் படித்தாள். மதியம் இரண்டரை மணியிலிருந்து சளசளத்துக்கொண்டிருந்தவள், முதல் தடவையாகப் பேச்சை நிறுத்தினாள். பிறகு போனை எடுத்து அந்தக் காகிதத்தைப் படம் பிடித்தாள்.

"ரொம்ப அழகான கையெழுத்து" என்றாள் தலைவரிடம்.

*

டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பிரேக். மச்சினி ஓட்ட, சர்வேயர் ஆசிரியர் இருக்கையில் உட்கார்ந்து, அவள் வளைவில் வேகமாகத் திரும்பும்போதெல்லாம் காலை அழுத்தினார்.

"என் கார்ல எனக்கே பிரேக் போடற ஒரே ஆள் நீங்கதான் அத்தான்."

"அந்த வரியை விளக்கு. மேற்கு, மூணு ஆட்டின், எட்டு. அப்புறம் 'முதல் சீட்டு' கட்டத்துல கிளாவர் ஜாக்கி. அந்த முதல் சீட்டுங்கறது யார் போடறது?"

"ஏலத்துல ஜெயிச்சு ஆடறவருக்கு இடது கைப் பக்கம் இருக்கறவர்."

"மேற்குக்கு இடது கைப் பக்கம்?"

"வடக்கு."

சர்வேயர் கண்ணை மூடிக்கொண்டார். நிழற்படத்தில் நசுங்கிய காரைப் பார்த்து, எந்தப் பக்கமிருந்து மோதியது என்று யோசிக்கும்போதும் அவர் அப்படித்தான் மூடுவார்.

"அப்ப ரெண்டாம் மேசையில கேப்டன் வடக்குல உட்கார்ந்து, வடக்குப் பையில இருந்த சீட்டை எடுத்து, கிளாவர் ஜாக்கியைப் போட்டிருக்கார். இல்லாத ஜாக்கியை எப்படிப் போட முடியும்?"

"கப்பல்காரர் அத்தான். அலை, காத்து, முதல் சீட்டு, எதையும் எழுதாம விட மாட்டார். மத்தவங்க யாரும் அந்தக் கட்டத்தை நிரப்பறதே இல்ல."

"அதனாலதான் யாரும் அதைப் படிக்கறதும் இல்ல. சரி, ரெண்டாம் மேசை வரைக்கும் ஜாக்கி வடக்குல இருந்திருக்கு. கடைசியில மேற்குல இருக்கு. ரெண்டாம் மேசையில மேற்குல உட்கார்ந்து ஆடினது யாரு?"

"கண்ணாடிக்கடைக்காரர். கிழக்குல அவர் சம்சாரம். கமிட்டியில மூணாவது ஆளும் அவர்தான். அவர் ஒத்துக்க மாட்டார் அத்தான்."

"ஒத்துக்க வேண்டாம். பேசினா போதும். எந்த விஷயத்துல அவருக்குப் பேச்சு வரும்?"

மச்சினி சிரித்தாள். சிக்னல் சிவப்பாக மாறியது. அவள் பிரேக்கை மிதிப்பதற்கு முன்னால் அவர் மிதித்தார்.

*

கண்ணாடிக்கடையில் கூட்டம் இல்லை. கண்ணாடிக்காரர் சின்னத் திருப்புளியால் ஒரு கண்ணாடிச் சட்டத்தின் காலை முறுக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி, செய்து முடித்த கண்ணாடிகளை வாடிக்கையாளர் பெயர் எழுதிய பெட்டிகளில் போட்டுக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமையா? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லை" என்றார் கண்ணாடிக்காரர், கேள்வி வருமுன்பே. "நான் கமிட்டி ஆளு. வழக்கு பத்திப் பேசக்கூடாது."

"பேச வேண்டாம் சார்" என்றாள் மச்சினி. "நான் வந்தது வேற விஷயம். ஏழாம் தட்டுல மூணு ஆட்டின் கேட்டுட்டு எட்டுப் பிடியில விழுந்துட்டீங்களாமே. ஒன்பது எடுக்க வேண்டிய கையாம். கிளப்புல பேசிக்கறாங்க."

திருப்புளி மேசைமேல் விழுந்தது.

"யார் சொன்னது?"

"யாரோ. விடுங்க."

"என்னத்தை விடறது! கேப்டன் முதல்லயே கிளாவரை இறக்கினா நான் என்ன செய்ய முடியும்? இங்க வாங்க. உட்காருங்க."

மேசையில் இருந்த நான்கு பெட்டிகளை நான்கு பக்கமும் தள்ளினார். மனைவி "ஐயோ, அது டெலிவரிக்கு வச்சது" என்று சொல்லி முடிப்பதற்குள் பெட்டிகள் திறந்துவிட்டன.

"இது வடக்கு, கேப்டன். இது நான். இந்தத் தங்கச் சட்டம் கிளாவர் ஜாக்கி. கேப்டன் இதை இறக்கறார். நான் என்ன செய்ய, என்கிட்ட இருக்கறது இந்தக் கறுப்புச் சட்டம், மூணு. ஒரு பிடி போச்சு. அங்கேயே போச்சு! இதே ஜாக்கி மட்டும் என்கிட்ட இருந்திருந்தா..." தங்கச் சட்டத்தை வடக்குப் பெட்டியிலிருந்து எடுத்துத் தன் பெட்டியில் போட்டார். கறுப்புச் சட்டத்தை வடக்கில் போட்டார். "இப்ப பாருங்க. இப்ப எண்ணுங்க. ஒன்பது! எவனாவது வந்து இல்லைன்னு சொல்லட்டும்!"

"நிச்சயமா ஒன்பதுதான்" என்றார் சர்வேயர் மரியாதையுடன்.

"இதைத்தானே அன்னிக்கும் சொன்னேன். ஆடி முடிச்சதும் சீட்டைப் பிரிச்சு வச்சு எல்லாருக்கும் காட்டினேன். கேப்டனே ஒத்துக்கிட்டார்."

"காட்டி முடிச்சதும்?"

"முடிச்சதும் என்ன, மணி அடிச்சுட்டாங்க. அள்ளிப் பையில போட்டுட்டு எழுந்தோம்."

அவர் மனைவி அதற்குள் பெட்டிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தார். ஒரு பெட்டியில் எழுதியிருந்த பெயரைப் படித்தார். உள்ளே இருந்ததைப் பார்த்தார். மறுபடி பெயரைப் படித்தார்.

"ஏங்க, இந்தத் தங்கச் சட்டம் யாருது?"

கண்ணாடிக்காரர் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போன வாரம் ஒருத்தர் படிக்கட்டுல விழுந்தாரே" என்றார் மனைவி. "அதுவும் நீங்க போன்ல யாருக்கோ ஆட்டம் விளக்கின அன்னிக்குத்தான்."

"கமிட்டியில கேட்டா உண்மையைச் சொல்வேன்" என்றார் கண்ணாடிக்காரர், குரல் இறங்கி. "கேட்கலைன்னா நானா சொல்ல மாட்டேன். தலைவர் மூஞ்சியில எப்படி முழிக்கறது?"

"கேட்கறேன் சார். ஆனா கொஞ்சம் தாமதமா கேட்பேன். அதுவரைக்கும் அவங்க என்ன சொன்னாலும் கையைத் தூக்குங்க."

காரில் ஏறியதும் மச்சினி கேட்டாள்: "ஏன் தாமதமா? படத்தைக் காட்டினா இப்பவே முடிஞ்சுடுமே!"

"இன்னிக்கு முடியும். அடுத்த சனிக்கிழமை உன் லைப்ரரி அக்காவுக்குன்னே நாற்பத்தி மூணாம் பக்கத்துல ஒரு புது விதி வரும். புகார்க் கடிதத்தோட நகல் உன்கிட்ட இருக்கா?"

"டாஷ்போர்டுக்குள்ள இருக்கு."

அவர் அதை இரண்டு தடவை படித்தார். மருந்துக்கடை நடத்துகிற சம்பந்தி, மருந்துச் சீட்டு எழுதுவதுபோல் ஒன்றும் விட்டுப்போகாமல் எழுதியிருந்தார். படித்து முடித்ததும் சர்வேயர் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவர் உதட்டோரம் சிரிப்பு தெரிந்ததை மச்சினி கவனித்தாள். எட்டு மாதத்தில் அதைப் பார்ப்பது அபூர்வமாகியிருந்தது. வண்டியைக் கிளப்பினாள்.

*

சரியாக ஐந்து மணிக்குக் கமிட்டி கூடியது. நடுவில் தலைவர், வலப்பக்கம் சம்பந்தி, இடப்பக்கம் கண்ணாடிக்காரர். எதிரே நூலகர் அம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டு, தாமதக் கட்டணம் கட்டாத வாசகரைப் பார்ப்பதுபோல் மூவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பையின் வாரைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. நூலகத்தை மூடிப் பூட்டிவிட்டு அவர் மனிதர்களோடு பேசுவது வாரத்தில் இரண்டே நாள், இந்த அறையில் மட்டும்தான் என்று சர்வேயருக்குத் தெரியும். அவர் மனைவி சொல்லியிருந்தாள்.

"புகாரை வாசிக்கலாமா சம்பந்தி?" என்றார் தலைவர்.

"வாசிச்சுடலாம் சம்பந்தி" என்றார் சம்பந்தி.

"அதுக்கு முன்னால ஒரு சந்தேகம்" என்று எழுந்தார் சர்வேயர். முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டார். "அம்மா இருபது வருஷமா ஆடறவங்க. நாலு-இ பிரிவுப்படி அனுபவத்துக்கு ஒரு புள்ளி சேர்த்தா பதினெட்டு வந்துடுது. பிரச்சினையே தீர்ந்துடுது. கருணையோட பரிசீலிக்கலாமே?"

தலைவரும் சம்பந்தியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த ஓட்டையை அவர்கள் யோசிக்கவில்லை. ஓட்டை தெரிந்தால் அடைக்காமல் தலைவருக்குத் தூக்கம் வராது.

"கருணைக்கு இங்க இடமில்லை. கோப்பைக்கான ஆட்டத்துல நாலு-இ யாருக்கும் பொருந்தாது. தீர்மானம் போடறேன்."

"யாருக்குமேவா?" என்றார் சர்வேயர், ஏமாற்றம் தொனிக்க.

"யாருக்குமே! எழுதுங்க சம்பந்தி. கோப்பை ஆட்டத்தில் பதினெட்டுக்குக் குறைந்த கையை ஓப்பன் செய்கிற எவரும், பதவியோ அனுபவமோ பாராமல், ஒரு வருடம் விலக்கப்படுவார். மேல்முறையீடு கிடையாது."

"ஆனா சனிக்கிழமை ஆடினதுக்கு இன்னிக்குப் போடற தீர்மானம் செல்லுமா சார்?" என்றாள் மச்சினி, உதட்டைப் பிதுக்கி.

பதிவு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்தவரிடம் கேட்கிற கேள்வியா அது? "சனிக்கிழமை காலையிலேருந்து அமல்னு சேர்த்து எழுதுங்க!" என்றார் தலைவர்.

மூன்று கை உயர்ந்தன. கண்ணாடிக்காரரின் கை மட்டும் தோளுக்கு மேல் போகவில்லை. மூன்று கையெழுத்து. தலைவர் முத்திரையையும் எடுத்துக் குத்தினார்.

"முடிஞ்சுதா?" என்றார் சர்வேயர். "இப்ப அந்தத் தட்டுல இருக்கற மதிப்பெண் சீட்டை எடுங்க சார். ரெண்டாவது வரி, கடைசிக் கட்டம். சத்தமா படிங்க."

தலைவர் படித்தார். பாதியில் நிறுத்தினார். மறுபடி மனதுக்குள் படித்தார்.

"கேப்டன் வடக்குல உட்கார்ந்து போட்ட முதல் சீட்டு கிளாவர் ஜாக்கி" என்றார் சர்வேயர். "அம்மா ஆடினது அதுக்கு முந்தின சுற்று. அப்ப ஜாக்கி அவங்க கையில இருந்திருக்கு. பத்துப் புள்ளி, எட்டுச் சீட்டு, பதினெட்டு. அப்புறம் அது எப்படி மேற்குக்குப் போச்சுன்னு, கண்ணாடிக்கடைக்காரரே, நீங்கதான் சொல்லணும்."

கண்ணாடிக்காரர் சொன்னார். கேட்டால் சொல்வேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார் அல்லவா? சொல்லும்போதே, ஒன்பது பிடி எப்படி வந்திருக்கும் என்பதையும் சுருக்கமாக விளக்கினார். யாரும் காதில் வாங்கவில்லை.

தலைவர் முதலில் சுதாரித்தார். பெரிய மனதோடு இரண்டு கையையும் விரித்தார். "அப்படின்னா சரி. மனுஷத் தவறு. அம்மா மேல குத்தம் இல்லை. கூட்டம் கலையலாம்."

"கலையலாம் சார். ஒரே ஒரு சின்ன விஷயம்." சர்வேயர் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். "ரெண்டாம் மேசையில சீட்டு மாறிடுச்சு. ஜாக்கி போய்ப் பதினேழான அந்த வடக்குக் கை அடுத்து மூணாம் மேசைக்குப் போச்சு. அங்க வடக்குல யாரு?"

பதிலுக்குக் காத்திராமல் சர்வேயர் கடிதத்தைப் பிரித்தார்.

"புகார்க் கடிதம், மூணாவது பத்தி. சம்பந்தி ஐயா எழுதினது. 'எங்கள் தலைவரும் அதே கையை வைத்து ஒரு இஸ்பேட் என்றுதான் தொடங்கினார். நாலு-இ பிரிவின்படி அவருக்கு அந்தத் தகுதி உண்டு. இந்த அம்மையாருக்கு இல்லை.' அந்த நாலு-இ அஞ்சு நிமிஷம் முன்னாடி போயிடுச்சு. சனிக்கிழமை காலையிலேருந்தே இல்லை."

"மூணாம் மேசையிலயும் சீட்டு மாறியிருக்கலாமே!" என்றார் தலைவர். "எங்க மேசையிலதான் மாறிச்சுன்னு வச்சுக்குங்க!"

"நானும் அதைத்தான் நினைச்சேன். ஆனா நாலாவது பத்தி. 'எங்கள் மேசையில் ஆடி முடித்ததும், ஒரு சீட்டும் கை மாறாமல், நானே என் கையால் பைகளில் வைத்து, அப்போதே பீரோவில் பூட்டினேன். இதற்கு நான் உறுதி கூறுகிறேன்.'"

"எழுதறதுதான் எழுதினீங்க, நாலாவது பத்தியை எதுக்கய்யா எழுதினீங்க?" தலைவர் சம்பந்தியின் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானே சம்பந்தி சொன்னீங்க, ஓட்டையே இருக்கக்கூடாதுன்னு!"

ஓட்டை இல்லைதான். விதியின்படி தலைவர்மீது புகார் என்றால் துணைத்தலைவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். துணைத்தலைவர் சம்பந்தி. தலைவர் வீடு அவர் பெண்ணைக் கொடுத்த இடம். தீபாவளிக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும் என்ற நினைப்பு அவர் முகத்தில் வந்து போனதாக மச்சினி பிற்பாடு சத்தியம் செய்தாள். தீர்மானத்தைக் கையில் எடுத்து, கசப்பு மருந்தைக் குழந்தைக்கு ஊட்டுகிறவர்போல், கண்ணைத் தூக்காமல் வாசித்தார். பதவியோ அனுபவமோ பாராமல். ஒரு வருடம். மேல்முறையீடு கிடையாது.

தலைவர் எழுந்தார். மேசையிலிருந்த விதிப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளப் போனார். விலக்கப்பட்டவர் கிளப் உடைமைகளைத் தொடக்கூடாது என்ற விதி நினைவுக்கு வந்து, கையை இழுத்துக்கொண்டார்.

*

ஆறு மணிக்கு வழக்கமான ஆட்டம். கேப்டனும் அவர் ஜோடியும் இல்லை, தலைவர் இல்லை. மீதமிருந்த எட்டுப் பேர் இரண்டு மேசை போட்டார்கள். ஜோடி இல்லாத சம்பந்தி, விதிப் புத்தகத்தோடு நடுவராக நின்றார்.

வெளிப்படிக்கட்டில் சர்வேயர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது நூலகர் அம்மாள் வந்தார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தார். அவர் சொல்லவில்லை.

"ஒண்ணு சொல்லணும் சார். மனசுல வச்சுக்க முடியல. ஜாக்கி என் கையில இருந்தது நிஜம். ஆனா அது இல்லாட்டியும் நான் ஓப்பன் பண்ணியிருப்பேன்."

சர்வேயருக்கு ஒரு கால் செருப்பிலும் ஒரு கால் தரையிலும் நின்றது. "பதினேழுக்கா?"

"பதினாறுக்கும்தான்."

"ஏம்மா? நீங்க விதியை மதிக்கறவங்களாச்சே."

"உங்க மச்சினி வெளியில பேசறதைத்தான் நீங்க கேட்டிருக்கீங்க. உள்ள வந்து அவ அக்கா நாற்காலியில உட்கார்ந்தா ஊமை. மூணு மாசமா எதிர்ல உட்கார்ந்து பார்க்கறேன். சீட்டை எடுப்பா, பார்ப்பா, பாஸ்னு சொல்லுவா. ராஜாவும் ராணியும் ஆஸுமா குவிஞ்சு கிடக்கும், பாஸ். அக்கா இடத்துல இருந்துக்கிட்டு அக்கா மாதிரி ஆடத் தெரியலைன்னு பயமோ என்னவோ. நானும் வாயைத் திறக்கலைன்னா எங்க மேசையில பேச்சே இருக்காது. அதான் கையில என்ன வந்தாலும் நான் ஓப்பன் பண்ணிடறது."

கார் கண்ணாடி வழியாக வாய் ஓயாமல் பேசிச் சிரித்துக்கொண்டு வரும் பெண்ணின் முகம்தான் அவருக்குத் தெரிந்த முகம். இன்னொன்று இருப்பது அவருக்குத் தெரியாது. சேதத்தை மதிப்பிடுவதையே தொழிலாக வைத்திருந்தவர்.

உள்ளே மணி அடித்தது. நூலகர் அம்மாள் போய்விட்டார். சர்வேயர் மற்றொரு செருப்பையும் மாட்டிக்கொண்டார். ஆனால் படி இறங்கவில்லை. திறந்திருந்த ஜன்னலோரமாக நின்றார்.

சீட்டு விரியும் சத்தம். யாரோ இருமினார்கள். ஏலம் மச்சினியிடமிருந்து தொடங்க வேண்டியிருந்தது போலிருக்கிறது. எல்லாரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. சர்வேயரின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. பிறகு எடுத்துவிட்டார்.

"ஒரு டைமன்" என்றாள்.

உள்ளே புத்தகம் புரளும் சத்தம் கேட்டது. "எண்ணிப் பார்த்துட்டீங்களாம்மா?" என்றார் சம்பந்தி. "பதினெட்டு இருக்கா?"

"எண்ணறதுக்குத்தானே சார் உங்களை நிக்க வச்சிருக்கு. நான் ஆட வந்தேன்."